திண்ணையும் ஏணியும் – 4: பாடம் கேட்ட பிள்ளை

சென்ற வாரம் எழும்பூரில் நின்றிருந்தோம். ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைப் பார்க்கிறார். 1789 முதல் தன் பொறுப்பில் இருந்த ஆண் பிள்ளைகள் விடுதிக்கு அந்த மணலைக் கொண்டுபோகிறார். எட்டு வயது ஜான் ஃபிரிஸ்கன் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு வாத்தியாராகிறான். 1797-ல் அது லண்டனில் புத்தகமாகிறது. 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்கப் பரவுகிறது.

கடைசி வரியில் ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் போயிருந்தேன். வெளியே நின்று பார்த்தவர் எழுதிவிட்டார். திண்ணைக்கு உள்ளே, அந்த மணலுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் யாராவது எழுதினார்களா?

எழுதினார் ஒருவர். அவர் பிறந்தது சூரியமூலை, குலத்துக்கு ஊர் பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரம், பெயர் விளங்கியது கும்பகோணத்திலும் சென்னையிலும். ஆனால் அவருக்குள் தமிழ் முளைவிட்ட மண் எது என்று கேட்டால் அரியலூர்க்காரர்களும் பெரம்பலூர்க்காரர்களும் தயங்காமல் கை தூக்கலாம். அரியலூரை அவர் கடைசிவரை 'அரியிலூர்' என்றே எழுதினார். வீட்டில் வைத்த பெயர் வேங்கடராமன். கூப்பிட்ட பெயர் சாமிநாதன். உலகம் அறிந்த பெயர் உ.வே.சா.

அவரைப் பதிப்பாசிரியராக எல்லோரும் அறிவோம். ஏட்டைத் தேடி ஊர் ஊராக அலைந்த கிழவர், தலைப்பாகை, கண்ணாடி. இந்தத் தொடருக்கு அந்தக் கிழவர் வேண்டாம். அரியலூர் தெருவில் ஓடிய சிறுவன்தான் வேண்டும். ஏடு தேடி அலைவதற்கு முன்னால் அவன் வேறொன்றைத் தேடி அலைந்தான்.

*

1855 பிப்ரவரி 19-ல் பிறந்த பிள்ளை. தகப்பனார் வேங்கடசுப்பையர் சங்கீதக்காரர். உடையார்பாளையம் ஜமீன் ஆதரவில் வாழ்ந்த கனம் கிருஷ்ணையரிடம் இசை கற்றவர். அருணாசலக் கவியின் இராம நாடகப் பாட்டுகளைப் பாடிக் கதை சொல்வது அவர் பிழைப்பு. உடையார்பாளையம், அரியலூர் என்று ஜமீன்களை ஒட்டித்தான் அந்தக் குடும்பத்தின் அடுப்பு எரிந்தது. ஜமீன் கை தளர்ந்தால் அடுப்பும் தணியும்.

திண்ணைப் பள்ளி எப்படி இருந்தது? இரண்டு விதமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இரண்டு விதமாகவும் இருந்தது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். அங்கே இன்று நாம் சொல்லும் 'வகுப்பு' கிடையாது. நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தைத் திறப்பதும் கிடையாது. ஒருவன் மணலில் அகரம் எழுதிக்கொண்டிருப்பான். அவன் பக்கத்தில் ஒருவன் எண் சுவடி ஒப்பிப்பான். இன்னொருவன் ஓலையில் ஆத்திசூடி எழுதுவான். ஒரு சுவடி முடிந்தவனுக்கு அடுத்த சுவடி. முடியாதவன் முடிக்கும்வரை அதே சுவடி. அவனைத் தள்ளிவிட்டு வண்டி நகராது. பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பான். எல்லோரையும் மேய்க்கச் சட்டாம்பிள்ளை ஒருவன் இருப்பான். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது வாத்தியார் ஒவ்வொரு பிள்ளையின் காதிலும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஓர் ஊரின் பெயர் என்று சொல்லி அனுப்புவார். மறக்காமல் வந்து சொல்ல வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு பூ என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு இளகும்.

இனி மற்றது. பிரம்பு இருந்தது. பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனை இருந்தது. பொருள் தெரியாமல் நெட்டுருப் போடுவது இருந்தது. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-ல் எடுக்கச் சொன்ன கணக்கெடுப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள். ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. பெருமைக்குரிய எண்தான். ஆனால் அந்தத் திண்ணைகளில் பெண் பிள்ளைகளைத் தேட வேண்டும். ஊருக்கு வெளியே சேரியில் பிறந்த பிள்ளைக்குத் திண்ணையின் நிழல்கூட இல்லை. திண்ணையைப் புகழும் போது இதை விழுங்கிவிட்டுப் புகழ்கிறவர்களை நான் நம்புவதில்லை.

அந்தப் பிரம்புக்கும் பூவுக்கும் நடுவில்தான் சாமிநாதன் எழுத்துக் கற்றான். அதற்குப் பிறகு என்ன படிப்பது என்பதில்தான் சிக்கல் தொடங்கியது.

உறவுக்காரர்கள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். இங்கிலீஷ் படித்தால் இந்த உலகத்தில் வசதியாக வாழலாம். சமஸ்கிருதம் படித்தால் மறு உலகத்துக்கு நல்லது. சங்கீதத்துக்குத் தெலுங்கு வேண்டும், ஆகவே தெலுங்கு படிக்கட்டும் என்பது தகப்பனாரின் ஆசை. மூன்றுக்கும் காரணம் இருந்தது. மூன்றும் வீட்டின் நிலைமையைப் பார்த்துச் சொன்ன நல்ல யோசனைகள்தான். தமிழ் படித்தால் என்ன கிடைக்கும்? அதற்கு யாரிடமும் பதில் இல்லை. பையனிடமும் இல்லை. அவனுக்குத் தமிழ் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

பிடிக்க வைத்தவர் அரியலூர் சடகோபையங்கார். இலக்கியமும் தெரியும், இசையும் தெரியும். செய்யுளைப் பாடமாக அடைத்துவைக்காமல் அதன் சுவையைக் காட்டத் தெரிந்தவர். தனக்குத் தமிழில் சுவை உண்டாக்கியவர் அவர்தான் என்று எண்பது வயது கடந்த பிறகும் உ.வே.சா. நன்றியோடு எழுதினார். பிற்காலத்தில் சீவக சிந்தாமணியை, சிலப்பதிகாரத்தை, மணிமேகலையைக் கரையேற்றிய கை, முதன்முதலில் பற்றிய விரல் அரியலூரில் ஒரு வறிய ஆசிரியருடையது.

ஒரு பிள்ளைக்கு எதில் கண் ஒளிர்கிறது என்று பார்ப்பதற்கு இன்று எத்தனையோ படிவங்கள் வந்துவிட்டன. வேங்கடசுப்பையரிடம் படிவம் இல்லை. பையனின் முகத்தைப் பார்த்தார். தெலுங்கு ஒட்டவில்லை என்பதும் தமிழ் என்றால் பையன் சோற்றை மறக்கிறான் என்பதும் அவருக்குத் தெரிந்தது. தன் ஆசையை மடித்து வைத்தார். சொந்தத் தொழிலுக்கு வாரிசு வேண்டும் என்று எண்ணிய ஒரு தகப்பன் அதைச் செய்வது எவ்வளவு பெரிய காரியம் என்று, பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அரியலூர் வாழ்க்கை நிலைக்கவில்லை. வருமானம் தேடிக் குடும்பம் மூட்டை கட்டியது. சடகோபையங்காரின் திண்ணை பின்னால் போயிற்று. பாடம் பாதியில் நின்றது.

*

இங்கே கதையை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். இந்தத் தொடரையே நான் எழுதத் தொடங்கியது அந்தச் சொல்லால்தான்.

உ.வே.சா.வும் அவர் காலத்தவர்களும், "இன்னாரிடம் இன்ன நூலைப் பாடம் கேட்டேன்" என்று சொல்வார்கள். பாடம் கேட்டேன். அந்த வாக்கியத்தில் வேலை செய்கிறவர் யார்? மாணவர். ஆசிரியர் 'இன்னாரிடம்' என்று ஓரமாக நிற்கிறார். நாம் இன்று எப்படிச் சொல்கிறோம்? "சார் பாடம் எடுத்தார்." "டீச்சர் பாடம் நடத்துனாங்க." "போர்ஷன் முடிச்சுட்டாங்க." வாக்கியத்தின் எழுவாய் இடம் மாறிவிட்டது. முடித்தது ஆசிரியர். பிள்ளை எங்கே? அந்த வாக்கியத்தில் பிள்ளைக்கு இடமே இல்லை.

கேட்டல் என்றால் காதால் கேட்பது. கேட்டல் என்றால் 'எனக்கு வேண்டும்' என்று கேட்பதும்தான். கேள்வி என்ற சொல் இரண்டிலிருந்தும் பிறந்தது. திருக்குறளில் கல்வி என்று ஓர் அதிகாரம், கேள்வி என்று தனியாக ஓர் அதிகாரம். பிள்ளையை மையத்தில் வைத்த கல்வி என்று இருபதாம் நூற்றாண்டில் உலகம் பெரிய பெரிய நூல்களில் எழுதியதன் உயிர், அந்த ஒரு வினைச்சொல்லுக்குள் நம்மிடம் இருந்தது. எப்போது எழுவாய் மாறியது என்பதைத்தான் நான் வாரா வாரம் தேடிக்கொண்டிருக்கிறேன். அரியலூர்ச் சிறுவனின் கதையில் அது இன்னும் மாறவில்லை.

*

குன்னம். இன்று பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு வட்டத் தலைநகர். அன்று மானாவாரி வயல்களுக்கு நடுவே ஒரு கிராமம். வேங்கடசுப்பையர் அங்கே இராமாயணக் கதை சொல்லக் குடியேறினார். ஊரார் ஆதரித்தார்கள். சிதம்பரம் பிள்ளை என்ற தமிழ் தெரிந்தவர் அந்த ஊரில் இருந்தார். சாமிநாதன் அவரிடம் பாடம் கேட்டான்.

பிறகு கார்குடி. அங்கே கஸ்தூரி ஐயங்கார். அவரிடம் இலக்கணம், நன்னூல்.

வரைபடத்தை எடுத்து இந்த ஊர்களை ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள். அரியலூர், குன்னம், கார்குடி, பிறகு பெரம்பலூர்ப் பக்கம் செங்கணம். இப்போது செங்குணம் என்கிறார்கள். ஒரு பிள்ளையின் விருப்பம் ஒரு குடும்பத்தை வண்டியிலும் நடையிலுமாக இழுத்துக்கொண்டு போன தடம் அது. வழக்கமாகப் பிழைப்பு இருக்கும் இடத்துக்குக் குடும்பம் போகும், பள்ளி இருந்தால் பிள்ளை படிக்கும். இங்கே தகப்பனார் பிழைப்பையும் ஆசிரியரையும் ஒரே ஊரில் தேடினார். ஆசிரியர் இருக்கும் ஊரில் கதை சொன்னார். ஊர் மக்கள் கதை கேட்டு நெல் தந்தார்கள். அந்த நெல்லில் பையன் தமிழ் படித்தான். புன்செய்க் கிராமங்கள் தங்கள் தானியத்தால் ஒரு பிள்ளையின் படிப்புக்குக் கொடுத்த உதவித்தொகை என்றே அதை நான் சொல்வேன்.

ஆசிரியர்கள் யார் என்பதையும் பாருங்கள். ஐயங்கார், பிள்ளை, மறுபடி ஐயங்கார், அடுத்து ரெட்டியார். எவரும் சம்பளத்துக்குப் பள்ளி வைத்தவர்கள் அல்லர். நிலமும் கணக்கும் குடும்பமும் வைத்துக்கொண்டு, ஆசையாகத் தமிழ் படித்தவர்கள். ஒருவருக்குப் புராணம் வரும், ஒருவருக்கு இலக்கணம் வரும். தனக்கு எது இன்னும் தெரியவில்லை என்று பையனுக்குத் தெரிந்திருந்தது. அது யாரிடம் இருக்கிறது என்று விசாரித்தான். அங்கே போனான். பாடத்திட்டம் என்று ஒன்று இருந்ததானால் அது அவன் பசிதான்.

1868-ல், பதினான்காம் வயதில், அவனுக்குக் கல்யாணம் நடந்தது. இனிமேல் சம்பாதிக்கும் வழியைப் பார்க்கட்டும் என்று யாரும் சொல்லக்கூடிய வயது, சொல்லக்கூடிய வறுமை. (மணையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிறுமியை இந்த இடத்தில் நினைக்காமல் என்னால் கடக்க முடியவில்லை. மதுராம்பாள். அவருக்கு எது பிடித்திருந்தது, எந்த ஊரில் எந்த ஆசிரியரிடம் போக ஆசைப்பட்டார் என்று கேட்டவர் யாருமில்லை.) கல்யாணத்துக்குப் பிறகும் தகப்பனார் பையனின் படிப்பை நிறுத்தவில்லை. செங்கணத்துக்குப் போனார்கள்.

செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார். யாப்பருங்கலக் காரிகையில் கரை கண்டவர். செய்யுள் எப்படிக் கட்டப்படுகிறது, அசையும் சீரும் தளையும் எப்படிப் பொருந்துகின்றன என்பது பையனுக்கு அங்கே திறந்தது. அதுவரை செய்யுளைச் சுவைத்தவன் இப்போது செய்யுள் செய்யவும் பழகினான். ஏற்கெனவே மனத்தில் கிடந்த பாட்டுகளின் எலும்புக்கூடு தெரிந்தது. பசி தணிந்திருக்க வேண்டும். கூடிவிட்டது.

அதை ரெட்டியார் கவனித்தார். தன்னிடம் இருப்பதைவிட இந்தப் பிள்ளைக்கு அதிகம் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துபோயிற்று. ஓர் ஆசிரியருக்கு இது கஷ்டமான நேரம். நல்ல மாணவனை வைத்துக்கொள்ளவே மனசு சொல்லும். ரெட்டியார் வைத்துக்கொள்ளவில்லை. இனி இவன் போக வேண்டிய இடம் ஒன்றுதான் என்று வழி காட்டினார்: மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. தமிழ்நாட்டில் அப்போது அந்தப் பெயருக்கு மேல் இன்னொரு பெயர் இல்லை. அவர் இருப்பதோ காவிரிக்கரையில், மாயூரத்தில். போய்க் கேட்டால் சேர்த்துக்கொள்வாரா?

*

1871. தகப்பனும் மகனும் மாயூரத்தில் பிள்ளையவர்கள் முன் நிற்கிறார்கள்.

வந்த காரியத்தைச் சொன்னார்கள். பிள்ளையவர்கள் உடனே சம்மதிக்கவில்லை. இப்படி எத்தனையோ பேர் வருகிறார்கள், கொஞ்ச நாள் இருக்கிறார்கள், பாதியில் போய்விடுகிறார்கள் என்ற வருத்தம் அவருக்கு. ஒரு செய்யுள் சொல்லச் சொன்னார். நடுங்கிக்கொண்டே சொன்னான். பொருள் கேட்டார். சொன்னான்.

அடுத்த தடை சாதி. அந்தணப் பிள்ளை, வேளாளர் வீட்டில் சாப்பிட மாட்டான். அப்படியானால் சாப்பாட்டுக்கு? அந்தச் செலவைத் தான் பார்த்துக்கொள்வதாகத் தகப்பனார் ஏற்றார். அவருக்கு இருந்த வருமானத்தில் அது சின்னச் சுமை இல்லை.

சேர்ந்தாயிற்று. ஆனால் சேர்ந்துவிட்டால் பாடம் கிடைத்துவிடுமா? பெரிய புலவர். எப்போதும் ஆட்கள். எப்போதும் எழுத வேண்டிய நூல்கள். நேற்று வந்த பையனுக்கு அவரது நேரம் எப்படிக் கிடைக்கும்?

இங்கேதான் அரியலூர்ப் பிள்ளையின் கெட்டிக்காரத்தனம் வெளிப்படுகிறது. பிள்ளையவர்களுக்குத் தோட்டத்தில் கொள்ளை ஆசை. காலையில் எழுந்ததும் மரம் செடிகளைச் சுற்றி வருவார். எங்கே புதுத்தளிர் விட்டிருக்கிறது என்று பார்ப்பார். கண்டால் முகம் மலரும். சாமிநாதன் அதைக் கவனித்தான். மறுநாள் அவருக்கு முன்னால் எழுந்தான். எந்தச் செடியில் எந்தக் கிளையில் தளிர் வந்திருக்கிறது என்று தேடிக் குறித்துவைத்துக்கொண்டான். அவர் வந்ததும் காட்டினான். அந்த மகிழ்ச்சியில் பேச்சு வளர்ந்தது. பேச்சின் வழியே பாடம் வந்தது. தன் வரலாற்றில் இதற்குத் 'தளிர் ஆராய்ச்சி' என்று ஓர் அத்தியாயத் தலைப்பே வைத்துவிட்டார் கிழவர்.

ஆசிரியர் மாணவனின் ஆர்வத்தைத் தூண்ட வேண்டும் என்று இன்று பயிற்சி முகாம்களில் சொல்லித் தருகிறார்கள். மாயூரத்துத் தோட்டத்தில் மாணவன் ஆசிரியரின் ஆர்வத்தைத் தூண்டிக்கொண்டிருந்தான். பிள்ளையவர்கள் 1876-ல் இறக்கும்வரை அவன் அவரை விட்டுப் போகவில்லை.

*

ஒரே ஒரு பிள்ளை. அவனுக்காகத் தன் ஆசையை மடித்துவைத்த ஒரு தகப்பன். 'எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்' என்று சொல்லத் தெரிந்த ஓர் ஆசிரியர். நெல் கொடுத்த ஊர்கள். இத்தனையும் சேர்ந்து வாய்த்தது ஒருவனுக்கு. அதே குன்னத்தில், அதே செங்கணத்தில், அதே ஆண்டுகளில் மாடு மேய்த்த பிள்ளைக்கும் எதிலோ கண் ஒளிர்ந்திருக்கும். அது என்ன என்று எந்த நூலிலும் இல்லை.

எல்லாப் பிள்ளைக்கும் இதைச் செய்ய முடியுமா? அந்தக் கேள்விக்கு அரசாங்கம் ஒரு பதில் சொல்லிப் பார்த்தது. சாமிநாதன் மாயூரம் போன 1871-லிருந்து அதற்கு நூற்று முப்பத்தாறு ஆண்டுகள் ஆயின. முழுக் கதையும் பின்னால் வரும். ஆனால் அரியலூரையும் பெரம்பலூரையும் பேசும் இந்த வாரம் அதன் ஓரத்தையாவது காட்டாமல் போகக் கூடாது.

2007 ஜூன் மாதம். அப்போது பெரம்பலூரும் அரியலூரும் ஒரே மாவட்டம். (2001-ல் பிரித்தார்கள், 2002-ல் சேர்த்தார்கள், அந்த 2007 நவம்பர் 23-ல் மறுபடி பிரித்தார்கள்.) பள்ளி திறந்த அன்று குன்னத்திலோ செங்குணத்திலோ ஓர் ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குள் நீங்கள் நுழைந்திருந்தால் பெஞ்சைத் தேடியிருப்பீர்கள். பாய் விரித்திருக்கும். ஆசிரியரைத் தேடியிருப்பீர்கள். அவர் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருப்பார். சுவரில் பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் கரும்பலகை, அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிக் கட்டம். தலைக்கு மேல் கம்பிப் பந்தல், அதில் பிள்ளைகள் வரைந்ததும் எழுதியதும் தொங்கும். வருகையைப் பிள்ளையே பதிந்துகொள்ளும். முதல் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரை கலந்து உட்கார்ந்திருப்பார்கள்.

சுவரில் ஓர் ஏணி. ஏணிப்படி என்றுதான் பெயர். ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்னம். பிள்ளை தன் படியைக் கண்டுபிடித்து, அந்தச் சின்னம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து எடுத்து, அதற்குரிய குழுவில் போய் உட்காரும். ஆசிரியர் முழுக்க உதவும் குழு, ஓரளவு உதவும் குழு, சக பிள்ளைகள் உதவும் குழு, தானே செய்யும் குழு, தேறிவிட்டோமா என்று பார்க்கும் குழு. செயல்வழிக் கற்றல் என்று பெயர் வைத்தார்கள். ஏ.பி.எல். என்றால் இன்னும் எல்லா ஆசிரியருக்கும் தெரியும்.

ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில், ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய ரிஷி வேலிப் பள்ளியைச் சுற்றியிருந்த குக்கிராமங்களுக்காகப் பத்மநாப ராவும் ரமா ராவும் வடிவமைத்த அட்டைகளும் ஏணியும்தான் மூலம். ஒரே ஆசிரியர், பல வகுப்புகள், திடீர் திடீரென வராமல் போகும் பிள்ளைகள்: அந்த நிலைமைக்காக உருவானது. எம்.பி. விஜயகுமார் என்ற ஆட்சிப்பணி அதிகாரி 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் அதைத் தொடங்கி வைத்தார். நான்கே ஆண்டுகளில் தமிழ்நாட்டின் 37,000-க்கு மேற்பட்ட பள்ளிகளுக்குப் போயிற்று.

பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் அறுவடை, பருத்தி எடுப்பு என்றால் வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஒரு பிள்ளை நின்றுவிடும். பத்து நாள் கழித்து வரும். பழைய வகுப்பில் அது நுழையும்போது பாடம் பத்து நாள் தள்ளிப் போயிருக்கும். பிள்ளை முழிக்கும். அடுத்த பத்து நாளும் முழிக்கும். பிறகு வராது. ஏணி இருந்த வகுப்பில் அது விட்ட படியில் காத்துக்கொண்டிருக்கும் அட்டையை எடுத்து உட்காரும். இந்த ஒன்றுக்காகவே அந்த முறையைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று நான் நினைக்கிறேன். அட்டைகள் கிழிந்தன, புது அட்டை வரவில்லை, பதிவேடுகள் பெருகின, வாசிப்பு தேறவில்லை என்று பெற்றோரும் ஆசிரியர்களும் சொன்ன குறைகளில் உண்மை உண்டு. அவற்றை மறைக்க மாட்டேன். தனி அத்தியாயத்தில் பேசுவோம்.

இன்று ஒரே ஒரு குறையைச் சொல்கிறேன், ஏனென்றால் அது அரியலூர்ப் பிள்ளையோடு ஒட்டியது. ஏணியில் வேகம் பிள்ளையின் கையில் இருந்தது. நிதானமாக ஏறலாம், ஓடி ஏறலாம். ஆனால் ஏணி எங்கே சாத்தப்பட்டிருக்கிறது என்பதை வேறு யாரோ முன்பே தீர்மானித்துவிட்டார்கள். சாமிநாதன் தன் வேகத்தில் போனது மட்டும் அல்ல. தன் திசையில் போனான். தெலுங்கு வேண்டாம், தமிழ் வேண்டும் என்றான். இலக்கணம் போதவில்லை, யாப்பு வேண்டும் என்றான். திசையைப் பிள்ளையிடம் விட்டுவிட்டு ஒரு வகுப்பறையை நடத்த முடியும், அதற்கு வகுப்பறையையே முதலில் வேறாகக் கட்ட வேண்டும் என்று தமிழ்நாட்டு மண்ணில் நின்று சொன்னவர் யார்?

*

1940 ஜனவரி. ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' தொடங்குகிறது. திருவல்லிக்கேணி வீட்டில் உட்கார்ந்து, எண்பத்து நான்கு வயதில், உ.வே.சா. அரியலூர்த் தெருக்களை நினைவிலிருந்து எடுத்து வாரா வாரம் வைக்கிறார். சடகோபையங்கார் வருகிறார். குன்னம் வருகிறது. செங்கணம் வருகிறது. வாசகர்கள் அடுத்த வாரத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.

அதே நேரத்தில், அதே சென்னையில், சில மைல் தெற்கே, அடையாறு ஆற்றுக்கு அக்கரையில் பிரம்மஞான சபைத் தோப்புக்குள் ஓர் இத்தாலிய அம்மையார் பேசிக்கொண்டிருக்கிறார். வயது அறுபத்து ஒன்பது. வந்து இரண்டு மூன்று மாதம்தான் ஆகிறது. ருக்மிணி தேவியும் ஜார்ஜ் அருண்டேலும் அழைத்து, 1939 நவம்பரில் வந்தவர். எதிரே முந்நூறுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள். பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க அவசரப்படாதீர்கள், முதலில் பிள்ளையைப் பாருங்கள், அது எதைத் தேடிப் போய் எடுக்கிறது என்று பாருங்கள் என்கிறார். அவருக்கு ஆங்கிலம் வராது. இத்தாலிய மொழியில் பேசுகிறார். பக்கத்தில் நிற்கும் மகன் மாரியோ ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் சொல்கிறார். மகனின் குரல்தான் அந்த அம்மையாரின் குரல்.

அவர் பெயர் மரியா மாண்டிசோரி.

1940 ஜூன் 10. முசோலினியின் இத்தாலி, பிரிட்டனுக்கு எதிராகப் போரில் இறங்கியது. ஒரே நாளில் அடையாற்று விருந்தாளிகள் இருவரும் எதிரி நாட்டுப் பிரஜைகள் ஆனார்கள். மாரியோவை அகமதுநகர்த் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அம்மையார் அடையாற்று வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று கட்டுப்பாடு. மொழி தெரியாத ஊர். குரலாக இருந்த மகன் முள்வேலிக்குப் பின்னால். ஜூலை போயிற்று. ஆகஸ்ட்டும் முடியப்போகிறது.

ஆகஸ்ட் 31 அவருக்கு எழுபது வயது நிறைகிற நாள். அன்று வைஸ்ராயிடமிருந்து அடையாற்றுக்கு ஒரு தந்தி வந்தது.

(தொடரும்)